துருவுக்கு வாய்தா இல்லை

பிரானூர் மெயின்ரோட்டில் இருந்த சங்கிலிப்பாண்டியின் மரஅறுவை மில்லை, அவர் இறந்த நாலாம் மாதம் கோர்ட் உத்தரவுப்படி பூட்டினார்கள். கடன்காரர் யாரும் வந்து பூட்டவில்லை. அவருடைய மனைவி வடிவம்மாளும் தம்பி ஆறுமுகநயினாரும் மில் யாருக்கு என்று வழக்குக்குப் போனார்கள். தீர்ப்பு வரும்வரை இருவருமே உள்ளே போகக் கூடாது என்று ஆகிவிட்டது.

இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கல் கிடையாது. அண்ணன் மில்லைப் பார்த்தார். தம்பி பின்பக்கத்தில் மரம் அடுக்கி விற்கிற மரக்கிட்டங்கியைப் பார்த்தான். வடிவம்மாள் காலையில் தென்காசி வீட்டில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வருவாள். அறுக்க வருகிறவர்களிடம் அளவு கேட்டு, எந்த மரத்தடியை எப்படித் திருப்பிப் போட்டால் சேதாரம் குறையும் என்று ஆட்களுக்குச் சொல்வாள். அதில் அவள் சொன்னால் சங்கிலிப்பாண்டியே மறுத்துப் பேச மாட்டார். தை மாதம் ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினாறு கழிந்த மறுநாள் நயினார் அண்ணனுடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மதினி இனிமேல் அலைய வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும், சேர வேண்டியது வீடு தேடி வரும் என்று சொல்லியனுப்பினான். அவன் நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். வடிவம்மாளுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் நேரே மில்லுக்குப் போய் ஆட்கள் முன்னாலேயே அவனை நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னாள். அதை அவனும் மறக்கவில்லை. பேச்சு முற்றி, சொந்தக்காரர்கள் வந்து பேசிப் பார்த்து, அவர்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, கடைசியில் வக்கீல் வீட்டு வாசலுக்குப் போனது.

பூட்டுகிற அன்று வக்கீல் கமிஷனராக ஜுஹைனா வந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். எந்தப் பக்கத்துக்கும் சேராமல் கோர்ட் சார்பாக உள்ளே இருப்பதைப் பார்த்து எழுதி, சாவியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியது அவள் வேலை. பெரிய பட்டை ரம்ப மிஷின் ஒன்று, தார்ப்பாய் போர்த்திக் கட்டியது, ஓடும் நிலையில். சின்ன ரம்ப மிஷின் ஒன்று, ஓடும் நிலையில். ட்ராலி, தண்டவாளம், மோட்டார், ரம்பம் தீட்டும் மிஷின். எல்லாம் ஓடும் நிலையில். வடிவம்மாளும் நயினாரும் கேட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கையெழுத்துப் போட்டார்கள். மில் ஃபிட்டர் ஜெபஸ்டின் மட்டும் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்த மூன்றாம் நாள், அந்த ஜெபஸ்டின் தென்காசி வீட்டுக்கு வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வடிவம்மாள் துண்டு கொடுத்து உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அக்கா, மில்லப் பூட்டுனது பூட்டுனதா இருக்கட்டும். மிஷினு சும்மாதான கெடக்குன்னு நெனச்சிராதிய. ஓடுத மிஷினவிட சும்மா கெடக்க மிஷினுதான் சீக்கிரம் சாவும்."

வடிவம்மாள் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "நயினார் அனுப்புனானா ஒன்ன?"

இல்லை என்றான். இங்கிருந்து நேரே அவன் வீட்டுக்குத்தான் போவதாகவும் அவனிடமும் இதையே சொல்லப் போவதாகவும் சொன்னான். பிறகு நின்றபடியே விளக்கினான். பெரிய மிஷினில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். ஒவ்வொன்றும் ஆள் உயரம். அந்தப் பாரம் முழுக்க பேரிங்கில் இரண்டு மூன்று குண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கும். ஓடும்போது பாரம் மாறிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அதே இடத்திலேயே அழுத்திக்கொண்டு இருக்கும். கிரீஸ் ஒதுங்கிவிடும், ஈரம் நுழையும், குண்டு உட்கார்ந்த இடத்தில் துரு கடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வெறும் காற்றா, பாதி தண்ணீர். போதாததற்கு மில் முழுக்க மரத்தூள். மரத்தூள் ஈரத்தைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். மரத்தில் இருக்கிற புளிப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னும்.

"கேசு ரெண்டு வருசமோ மூணு வருசமோ. நீங்க ஜெயிச்சாலும் சரி, அவரு ஜெயிச்சாலும் சரி, தெறந்து பாத்தா எடைக்குப் போடுத இரும்புதான் இருக்கும். கேசுக்கு வாய்தா உண்டு. துருவுக்கு வாய்தா கெடையாதுக்கா."

இதில் உனக்கு என்ன லாபம் என்று அவள் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. சீசனுக்குக் குற்றாலத்து லாட்ஜுகளில் தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. மில் திரும்ப ஓடினால்தான் தனக்குப் பிழைப்பு என்றான். அதோடு, கோயம்புத்தூரிலிருந்து துண்டு துண்டாக லாரியில் வந்த மிஷினை மாட்டி நிறுத்தியது அவன்தான். அது அழுகுவதைப் பார்த்துக்கொண்டு தினமும் அந்த ரோட்டில் போய்வர முடியவில்லை என்றும் சொன்னான்.

வடிவம்மாள் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு அப்போது யாரையும் நம்ப முடியவில்லை. மில்லுக்குள் ஒருவனை விட்டால் எதை எடுப்பான், எதை மாற்றி வைப்பான் என்றுதான் புத்தி போயிற்று. இரண்டு நாள் கழித்து துக்கம் கேட்கச் செங்கோட்டையில் ஒரு துஷ்டி வீட்டுக்கு பஸ்ஸில் போனாள். மில் முன்னால் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் பளபளவென்று இருந்த கோர்ட் பூட்டின் வளையம் செம்மண் நிறத்தில் இருந்தது. வெளியே தொங்குகிற பூட்டுக்கே இந்தக் கதி என்றால், என்று நினைத்தாள். மறுநாள் வக்கீல் கணேசமூர்த்தியிடம் போனாள்.

அவர் தயங்கினார். உள்ளே போக மனுப் போட்டால், எதையோ எடுக்கப் பார்க்கிறாள் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார். சொன்னபடியே ஆயிற்று. ஜெபஸ்டின் போய் எடுத்துச் சொல்லியும் நயினார் கேட்கவில்லை. அண்ணன் வைத்திருந்த காகிதங்களை மாற்றத்தான் மதினி வழி தேடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தான். கடைசியில் ஜுஹைனாதான் ஒரு வழி சொன்னாள். அலுவலக அறையைத் தனியாகப் பூட்டி சீல் வைத்துவிடலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிவரை மில் கொட்டகையை மட்டும் அவள் திறப்பாள். ஜெபஸ்டின் மிஷின்களைப் பார்ப்பான். வடிவம்மாளும் நயினாரும் இரண்டு பேருமே நேரில் இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் திறப்பதில்லை. அப்படியே உத்தரவானது.

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை. கதவைத் தள்ளியதும் புளித்த வாடை அடித்தது. பெரிய மிஷினைச் சுற்றி தார்ப்பாய் போர்த்தி, தரைவரைக்கும் இழுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஜெபஸ்டின் கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை இழுத்தான். உட்பக்கம் முழுவதும் வியர்த்து நீர் கோத்திருந்தது. மிஷின் உடம்பெல்லாம் கருப்பாக எண்ணெய் பூசி, அதன்மேல் மரத்தூள் அப்பி, அடை மாதிரி கனத்திருந்தது. ஜெபஸ்டின் ஒரு தகடால் சுரண்டினான். அடை பெயர்ந்த இடத்தில் சக்கரம் அம்மை வார்த்த முகம்போலப் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடித்திருந்தது.

"யாரு செஞ்ச வேல இது?" என்றாள் வடிவம்மாள்.

நயினார், "நாந்தான்" என்றான். பூட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தனியாக வந்து செய்ததாகச் சொன்னான். லாரியில் வடித்த பழைய ஆயில் ஒரு டின் இருந்தது. அதைப் பூசி மூடினால் மழைக்குத் தாங்கும் என்று நினைத்தானாம்.

வடிவம்மாள் அவனைப் பார்க்கவில்லை. ஜுஹைனாவைப் பார்த்து, இதை எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஜுஹைனா எழுதினாள்.

அன்று முதல் இரண்டு மணி நேரம் ஜெபஸ்டின் தனி ஆளாக டீசலும் கம்பி பிரஷ்ஷுமாகக் கிடந்தான். கால்வாசி மிஷின்கூட சுத்தமாகவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் வடிவம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பழந்துணியை எடுத்தாள். சும்மா நின்றுகொண்டு அவனைக் கண்காணிப்பது அவளுக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நயினாரும் மறுபக்கம் போய் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். இடையில் மிஷின் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

கணேசமூர்த்தி விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டுவதற்கு முந்தின நாள் தனியாக வந்து மிஷினைப் பாழாக்கியிருக்கிறான். அவனே கமிஷனர் முன்னால் ஒத்துக்கொண்டுவிட்டான். இது வேண்டுமென்றே செய்தது என்று ஃபிட்டர் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் வழக்கு நம் பக்கம் சாய்ந்துவிடும் என்றார். வடிவம்மாளுக்கும் அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. மறுநாளே ஜெபஸ்டினைத் தேடிக் குற்றாலத்துக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சம். ஐந்தருவி ரோட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள் வெறும் துண்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு லாட்ஜின் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், ஜெபஸ்டின் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். வக்கீல் சொன்னதை அவள் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"எரிஞ்ச ஆயில்ல புளிப்பு உண்டுக்கா. இரும்ப அரிக்கும். தூளத் தட்டாம பூசுனது தப்பு. தார்ப்பாய இறுக்கிக் கெட்டுனது அதவிடத் தப்பு, உள்ள ஆவி முட்டும். இவ்வளவும் எழுதித் தாரேன். ஆனா வேணும்னே செஞ்சாருன்னு எழுத மாட்டேன். நம்ம பக்கத்துல பாதிப் பேரு இதத்தான் செய்யுதான். நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்யுதான்."

"நீ அவன் பக்கம் பேசுத."

"இல்லக்கா. நம்ம அண்ணாச்சி வீட்டு கேட்டுக்கு வருசா வருசம் என்னத்தப் பூசுவாரு?"

சங்கிலிப்பாண்டி ஒவ்வொரு புரட்டாசியிலும் ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டு இரும்பு கேட்டுக்கு லாரி ஆயில்தான் பூசுவார். பூசிவிட்டுக் கை கழுவ அவள்தான் சோப்புத்தூள் எடுத்துக் கொடுப்பாள். அண்ணன் செய்ததைப் பார்த்துப் பழகியவன் தம்பி. மில் கை மாறுமோ என்று தெரியாத நாளில், சாயங்காலம் தனியாக வந்து, அண்ணன் வாங்கிய மிஷினுக்குத் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் தென்காசிவரை நின்றுகொண்டே வந்தாள்.

வாக்குமூலம் வேண்டாம் என்று கணேசமூர்த்தியிடம் சொன்னாள். கைக்கு வந்ததை விடுகிறீர்களே என்று அவர் கேட்டார். பொய்யில்லாமல் எவ்வளவு கிடைக்கிறதோ அது போதும் என்றாள்.

அடுத்தடுத்த மாதங்களில் வேலை ஒழுங்குக்கு வந்தது. துரு முழுக்க எடுத்து, பழைய கிரீஸைப் பிதுக்கி வெளியே தள்ளிப் புதுசு அடைத்தார்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் துருப்பிடிக்காமல் இருக்க விற்கிற எண்ணெயைத் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வந்து பூசினார்கள். மெல்லிய படலமாகத்தான் பூச வேண்டும், அப்பக் கூடாது என்று ஜெபஸ்டின் சொல்லிக்கொண்டே இருந்தான். ரம்பப் பட்டைகளைக் கழற்றி எண்ணெய் துடைத்து மெழுகுத்தாளில் சுற்றினார்கள். பெல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். தார்ப்பாயை மிஷின் மேல் போர்த்தாமல், உத்தரத்திலிருந்து பந்தல் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். கீழே நாலு பக்கமும் காற்று போய்வந்தது.

மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் ஈரம் குடிக்கிற மணிகளைப் பை பையாக வைத்தார்கள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகப் போட்டிருக்குமே, அதுதான். ஈரமில்லாதபோது ஆரஞ்சு நிறமாக இருக்கும். ஈரம் ஏறினால் பச்சையாகிவிடும். பச்சையானதை வடிவம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போய், சமையலுக்கு ஆகாத ஒரு பழைய வாணலியில் கொட்டிச் சிறுதீயில் கிளறுவாள். நிறம் திரும்பியதும் டப்பாவில் அடைத்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன வறுக்கிறாய் என்று கேட்டபோது, மில்லுக்குப் பலகாரம் என்றாள்.

சக்கரத்தைச் சுற்றுவதுதான் பெரிய வேலை. மாதம் ஒருமுறை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, போன மாதம் நின்ற இடத்தில் நிற்காமல் கால்வாசி தள்ளி நிறுத்த வேண்டும். அப்போதுதான் பேரிங்கில் பாரம் வேறு குண்டுகளுக்கு மாறும். வடிவம்மாள் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் பக்கத்தில் மாதத்தை எழுதுவாள். சுற்ற இரண்டு ஆள் வேண்டும். ஜெபஸ்டின் ஒரு பக்கம், நயினார் மறுபக்கம். கோடு வந்ததும் வடிவம்மாள், "போதும்" என்பாள். பல மாதங்களில் அவள் நயினாரிடம் பேசியது அந்த ஒரு சொல்தான். அவனும் நிறுத்துவான்.

ஐப்பசியில் நயினாரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது மில்லில் உனக்கு என்ன வேலை, ரம்பத்தைத் தீட்டத் தெரியுமா, ஒரு தடியையாவது அறுத்திருக்கிறாயா என்று கணேசமூர்த்தி அடுக்கிக்கொண்டே போனார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நயினார் வேர்த்துப்போய் இறங்கி வந்தான். கார்த்திகை முதல் சனிக்கிழமை அவன் வரவில்லை. ஜுஹைனா பதினொன்றரைவரை கேட்டுக்கு வெளியே காத்திருந்து பார்த்தாள். பிறகு, உத்தரவுப்படி திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மார்கழியிலும் அவன் வரவில்லை. ஜெபஸ்டின் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். உடம்புக்கு முடியவில்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்தக் கார்த்திகையில் பெய்த மழைக்குக் கணக்கில்லை. ஒருநாள் அடித்த காற்றில் ரோட்டோரத்து வாகைமரக் கொப்பு ஒன்று முறிந்து மில் கூரைமேல் விழுந்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

தை மாதம் நயினார் வந்தான். யாரும் அவனை ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் மேலே வானம் தெரிந்தது. கூரை ஷீட் இரண்டு உடைந்து, தண்ணீர் நேரே சின்ன மிஷின்மேல் இறங்கியிருந்தது. ஜெபஸ்டின் அதன் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. குழாயை மாட்டி நெம்பினான். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டான். மோட்டாரைத் திறந்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தில் நகம் நுழைகிற ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. இனி இது தேறாது என்று சொன்னான்.

அந்தச் சின்ன மிஷின் நயினார் புனலூரிலிருந்து பழசாக வாங்கி வந்தது. இருபத்தைந்து வயசில், அண்ணனைக் கேட்காமல் அவனே பார்த்து, அவனே பேசி முடித்த முதல் சாமான். அவன் அதன் பக்கத்தில் போய் நின்றான். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசம் வீம்புக்கு வராம இருந்தேன் மதினி" என்றான். "என் மிஷின்லயே விடிஞ்சிருக்கு."

வடிவம்மாளுக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது, கூண்டிலிருந்து இறங்கி வந்த அன்றைய முகம் நினைவு வந்தது. அன்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

"கூரய முதல்ல மாத்தணும், நயினார். இல்லன்னா பெரிசும் போவும்" என்றாள்.

ஜுஹைனாவின் அனுமதியோடு திங்கட்கிழமையே அவன் புது ஷீட்டும் இரண்டு ஆளும் கொண்டுவந்து கூரையை மாற்றினான். வடிவம்மாள் கீழே நின்று ஆணிக்கு ரப்பர் வட்டு எடுத்துக் கொடுத்தாள். பெரிய மிஷினைப் பந்தல்போலக் கட்டிய தார்ப்பாய் காப்பாற்றியிருந்தது. சக்கரம் தள்ளியதும் சுற்றியது. அதன்பிறகு ஒரு சனிக்கிழமைகூட யாரும் தவறவில்லை. பங்குனியில் நயினார் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தான். நாலு டம்ளர் இருந்தது.

இரண்டு பேரும் உறவாடிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நயினார் வீட்டுக் காதுகுத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வழக்கில் ஒரு சூடு தணிந்திருந்தது. மறு வருஷம் ஆவணியில் நயினாரின் வக்கீல் சமரசம் பேச வந்தார். மில்லும் மிஷினும் வடிவம்மாளுக்கு. பின்பக்கத்து மரக்கிட்டங்கியும் லாரியும் நயினாருக்கு. நடுவில் ஒரு சுவர். கிட்டங்கிதான் மதிப்புக் கூடினது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் கணேசமூர்த்தி. அவள் யோசித்தாள். மில் ஓடுகிற நிலையில் இருக்கும்வரை தனக்குக் குறைவு இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ஜுஹைனா சாவியை அவள் கையில் கொடுத்தபோது, அந்த எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். வீட்டுத் தையல் மிஷினுக்காம்.

புரட்டாசியில் மில்லை ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டுவது என்றால் சுவிட்சைப் போடுவது இல்லை. பூசியிருந்த எண்ணெயை டீசலால் துடைத்தெடுக்க ஒரு நாள். பெல்ட்டை இறுக்க, ட்ராலியைத் தண்டவாளத்தில் தள்ளிப் பார்க்க அரை நாள். மோட்டார் சுருளில் ஈரம் இருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிக்கக் குற்றாலத்திலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவனை ஜெபஸ்டின் கூட்டிவந்தான். கொஞ்சம் ஈரம் காட்டியது. இரண்டு நாள் குண்டு பல்பு எரியவிட்டுக் காய வைத்தார்கள். மணிப்பைகளை எல்லாம் எண்ணி வெளியே எடுத்தார்கள். ஒன்று உள்ளேயே இருந்தால் தீர்ந்தது.

ரம்பம் மாட்டாமல் வெறும் சக்கரத்தை முதலில் ஓட விட்டார்கள். பதினாறு மாதம் கழித்து அந்தக் கொட்டகையில் சத்தம் கேட்டது. வடிவம்மாளுக்குக் கண் கலங்கியது. மரத்தூள் பறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஜெபஸ்டின் எதையும் பார்க்கவில்லை. நீளமான திருப்புளியின் முனையைப் பேரிங் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினான். மேல் பேரிங் இரண்டும் சுத்தம். கீழே இடது பக்கம் மட்டும் வந்ததும் நெற்றி சுருங்கியது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். அந்த முதல் ஒன்றரை மாதத் துரு ஒரு குண்டைக் கடித்திருந்தது. ஒரு பேரிங் போனது, மூன்று பிழைத்தன. புதுசு வாங்கி மாட்டி மறுநாள் திரும்ப ஓட்டினார்கள். இந்தத் தடவை அவன் ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து, எழுந்து, "ஒண்ணுமில்லக்கா, ஓடட்டும்" என்றான்.

முதலில் அறுத்தது வல்லத்து விவசாயி ஒருவர் கதவுநிலைக்குக் கொண்டுவந்த வேப்பந்தடி. வடிவம்மாள் அதைச் சுற்றிப் பார்த்து, வளைவை மேலே வைத்துப் போடச் சொன்னாள். பலகை வெள்ளையாக, கோணாமல் விழுந்தது.

ஒரு வாரத்தில் தடிகள் வாசல்வரை சேர்ந்துவிட்டன. ஒரு காலையில் புதுச் சுவரைச் சுற்றிக்கொண்டு நயினாரின் லாரி மில் வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டு அயினிப்பலாத் தடி. நயினார் இறங்கி வந்து, நாளைக்குள் அறுத்துக் கிடைக்குமா, ஆலங்குளத்தில் ஒரு வீட்டு வேலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். வேறு மில்லுக்குப் போனால் சேதாரம் அதிகம் ஆகிறது என்றும், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வடிவம்மாள் தடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்று உள்ளே பொந்தாகிக் கூடு விழுந்திருந்தது. அதைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

"ஒனக்கு முன்னால நாலு பேரு தடி கெடக்கு. வரிசப்படிதான். வியாழக்கெழம வா" என்றாள்.

நயினார் வரிசையில் கிடந்த தடிகளைப் பார்த்தான். சரி மதினி, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, லாரியிலிருந்து தடிகளை இறக்க ஆட்களைக் கூப்பிட்டான்.